கேஸ்வாப்டி0 என்று ஒன்று ஓடுகிறதே, அது வைரஸா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு. உபுண்டு 22.04 போட்ட, 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப். திடீரென்று ஃபேன் இரைகிறது, மவுஸ்கூட விட்டு விட்டுத்தான் நகர்கிறது. டாப் கட்டளையில் பார்த்தால் கேஸ்வாப்டி0 என்ற பெயர் 98 சதவீதம் சிபியுவோடு முதல் வரியில் நிற்கிறது. சுடோ (ரூட் என்ற முழு அதிகார யூசராக ஓட்டும் கட்டளை) போட்டு, நிரலைக் கொல்லும் கில் -9 கொடுத்தும் அது போகவில்லை. தேடிப் பார்த்தால் பாதிப் பேர் அது கிரிப்டோ மைனர் (அடுத்தவர் கணினியில் திருட்டுத்தனமாக டிஜிட்டல் நாணயம் வெட்டும் நிரல்) என்கிறார்கள், மீதிப் பேர் லினக்ஸின் சொந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்கிறார்கள். ஃபார்மேட் செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஃபார்மேட் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, முன்பின் தெரியாத பெயரில் ஒன்று ஓடினால் அது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இதில் உள்ள அசல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி தானாகத் தீர்ந்துவிடும்.

இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். கேஸ்வாப்டி0 என்பது லினக்ஸ் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், சொந்த வேலையாள். அதே பெயரை வைத்துக்கொண்டு உலவும் மைனரும் இருக்கிறது. நீங்கள் சொன்ன அறிகுறிகள் அசலின் பக்கமே சாய்கின்றன, ஆனால் அவற்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஐந்து நிமிடச் சோதனையில் உறுதியாகத் தெரிந்துவிடும். அதுவரை ஃபார்மேட்டும் வேண்டாம், கில்லும் வேண்டாம். போலியாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற தடயம் ஓடும் ப்ராசஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கில் செய்தால் பாதித் தடயம் போய்விடும். கீழே கட்டளைகளை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள், பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. டாப் காட்டும் பெயர் கெர்னலில் 15 எழுத்துக்கு மேல் நிற்காது. மிச்சம் வெட்டுப்பட்டுவிடும். ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும்போது ‘ஐசலேட்டட் வெப் கோ’ என்று பத்துப் பன்னிரண்டு வரி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ கம்பெனியின் பெயர் போலத் தெரியும். ஐசலேட்டட் வெப் கன்டென்ட் என்பதுதான் 15ஆவது எழுத்தோடு அப்படி நின்றுவிடுகிறது. எம்17என் என்ற பன்மொழித் தட்டச்சு நிரல் வழியாகத் தமிழ்99 தட்டச்சு செய்கிறவர்கள் கணினியில் ஓடும் ஐபஸ்-எஞ்சின்-எம்17என் 16 எழுத்து, அதனால் கடைசி ‘என்’ இல்லாமல் காட்சி தரும். க்னோம் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் ட்ராக்கர்-மைனர்-எஃப்எஸ்-3 ‘ட்ராக்கர்-மைனர்-எஃப்’ என்று நிற்கும். அதில் மைனர் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து அழித்தவர்கள் உண்டு. நாணயம் வெட்டும் மைனருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதே காரணத்தால்தான் ப்ராசஸைப் பெயரால் தேடும் பிக்ரெப் கட்டளையில் முழு நீளப் பெயரைக் கொடுத்தால் ஒன்றும் அகப்படாது. -எஃப் சேர்த்தால்தான் முழு வரியிலும் தேடும்.

இதைவிட முக்கியமானது, பெயர் என்பது ப்ராசஸ் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. எந்த நிரலும் ஓடும்போதே தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பிஎஸ் காட்டும் கட்டளை வரியையும் மாற்றி எழுதலாம். இவை இரண்டும் விசிட்டிங் கார்டு மாதிரி, யாரும் எதையும் அச்சடித்துக்கொள்ளலாம். கெர்னல் தன் கணக்கில் வைத்திருக்கும் விவரங்கள் வேறு: எந்தக் கோப்பிலிருந்து ஓடுகிறது, யார் பெற்ற பிள்ளை, எந்த யூசருக்குச் சொந்தம், எந்த சர்வீஸின் கீழ் வருகிறது. சாதாரண நிரலால் இவற்றை அவ்வளவு எளிதில் திரித்துவிட முடியாது. அதனால் பெயரைக் கூகுளில் தேடுவதற்கு முன் கெர்னலைக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ‘பிஎஸ் -ஓ யூசர்,பிஐடி,பிபிஐடி,விஎஸ்இசட்,ஆர்எஸ்எஸ்,ஆர்க்ஸ் -சி கேஸ்வாப்டி0’ என்று அடியுங்கள். இதில் -சி மட்டும் பெரிய எழுத்து. அசலாக இருந்தால் ஒரே ஒரு வரி வரும்: யூசர் ரூட், பிஐடி (ப்ராசஸின் எண்) பெரும்பாலும் இரண்டு மூன்று இலக்கத்தில் ஒரு சிறிய எண், பிபிஐடி (அதைப் பெற்ற ப்ராசஸின் எண்) 2, அடுத்து நினைவக அளவைக் காட்டும் இரண்டும் 0, கடைசியில் சதுர அடைப்புக்குள் கேஸ்வாப்டி0. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கெர்னல் த்ரெட்கள், அதாவது கெர்னலுக்குள்ளேயே ஓடும் வேலைகள், எல்லாம் கேத்ரெட்டி என்ற 2ஆம் எண் ப்ராசஸின் பிள்ளைகள். பூட் ஆகும்போதே பிறப்பதால் எண் சிறியது. அவற்றுக்கென்று தனி நினைவகம் கிடையாது, அதனால் அளவு இரண்டும் 0. கட்டளை வரியும் காலி. அப்படிக் காலியாக இருந்தால்தான் பிஎஸ் சதுர அடைப்புப் போடுகிறது. ஆனால் அடைப்பை மட்டும் நம்பாதீர்கள். போலி ஒன்று தன் கட்டளை வரியில் அடைப்புக்குறியோடு அந்தப் பெயரை எழுதிக்கொள்ள முடியும். பிபிஐடி 2 என்பதும் நினைவகம் 0 என்பதும்தான் சரியான சாட்சி.

ஒன்றுக்குப் பதில் இரண்டு வரி வந்தால் உடனே உஷாராகுங்கள். கேஸ்வாப்டி நூமா நோட் (பெரிய சர்வர்களில் ராம் பிரிக்கப்பட்டிருக்கும் தொகுதி) ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும், பெயரின் கடைசியில் உள்ள 0 அந்த நோடின் எண். சாதாரண லேப்டாப்பில் ஒரே நோடுதான். ஆகவே இரண்டாவது கேஸ்வாப்டி0 இருந்தால் அது வேஷம். டாப்பிலேயே தெரியும் இன்னொரு அடையாளம் உண்டு. அசல் ஒற்றை த்ரெட், அது 100 சதவீதத்தைத் தாண்டாது. மைனர் எல்லா கோரையும் பிடித்துக்கொண்டு 380, 390 என்று காட்டும். ஒரே கோரில் ஓடும்படி அடக்கி வைக்கப்பட்ட மைனரும் உண்டு என்பதால் 100க்குள் இருப்பதை மட்டும் வைத்துச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. தாண்டினால் அது அசல் அல்ல, அவ்வளவு நிச்சயம்.

இப்போது தீர்ப்புச் சொல்லும் சோதனை. பிஐடி 97 என்று வைத்துக்கொள்வோம். ‘சுடோ எல்எஸ் -எல் /ப்ராக்/97/இஎக்ஸ்இ’ என்று அடியுங்கள். ஓடும் நிரல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டும் இணைப்பு அது. கெர்னல் த்ரெட்டுக்குக் கோப்பு என்று ஒன்று கிடையாது, அதனால் இணைப்பைப் படிக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பிழை வரும். அசலுக்கு வர வேண்டிய பதில் அதுதான். அம்புக்குறிக்கு அடுத்து ஏதாவது பாதை வந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அது கெர்னல் அல்ல. இங்கே பலர் சறுக்குவது சுடோவில்தான். சுடோ இல்லாமல் அடித்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். அதையும் கோப்பு இல்லை என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு கெர்னல்தான் என்று நிம்மதியாகிவிடுவார்கள். பிழைச் செய்தியின் கடைசிச் சொற்களைப் படியுங்கள்.

கில் -9 பற்றிச் சொன்னீர்களே, அதிலும் ஒரு தகவல் இருக்கிறது. கெர்னல் த்ரெட்டுக்கு அந்தச் சிக்னல் உறைக்கவே உறைக்காது. போலியாக இருந்தால் செத்துவிடும், ஆனால் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை) அல்லது காவலுக்கு வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று அதைத் திரும்ப எழுப்பிவிடும். கில் கொடுத்த பிறகும் பழைய பிஐடியே இருந்ததா, புது எண் வந்ததா? அதே எண் என்றால் அசல். எண் மாறியிருந்தால் யாரோ பின்னால் இருந்து உயிர் கொடுக்கிறார்கள்.

வேறு ஏதாவது பெயருக்கு இதே சோதனையைச் செய்து ஒரு பாதை கிடைத்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உதவும். அந்தப் பாதையை ‘டிபிகேஜி -எஸ்’ கட்டளைக்குக் கொடுங்கள், -எஸ் பெரிய எழுத்து. எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று சொல்லும். ஃபெடோராவில் ஆர்பிஎம் -க்யூஎஃப், ஆர்ச்சில் பேக்மேன் -க்யூஓ, அதில் க்யூ மட்டும் பெரிய எழுத்து. டெபியன் வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. /யுஎஸ்ஆர்/பின் என்பதும் /பின் என்பதும் இப்போது ஒரே இடம், ஆனால் பேக்கேஜ் பட்டியலில் பழைய பாதை பதிவாகியிருக்கலாம். யாருக்கும் சொந்தமில்லை என்று வந்தால் முன்னால் உள்ள /யுஎஸ்ஆர்-ஐ எடுத்துவிட்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். /ஸ்னாப் என்று தொடங்கும் பாதையை டிபிகேஜிக்குத் தெரியாது, அதற்கு ஸ்னாப் லிஸ்ட் பாருங்கள். /டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடினால் பொதுவாகச் சந்தேகப்பட வேண்டும். விதிவிலக்கு ஆப்இமேஜ்: அது /டெம்ப் உள்ளே புள்ளியோடு தொடங்கும் மவுண்ட் என்ற ஃபோல்டரை உருவாக்கி அங்கிருந்துதான் ஓடும். பாதையின் கடைசியில் டிலீட்டட் என்று வந்தால் உடனே பதற வேண்டாம். ப்ரௌசர் திறந்திருக்கும்போதே அப்டேட் வந்தால் பழைய கோப்பு போய் இப்படித்தான் காட்டும். அந்த நிரலை மூடித் திறந்தால் சரியாகும். திறந்த பிறகும் அப்படியே இருந்தாலோ, பாதை மெம்எஃப்டி என்று தொடங்கினாலோ, டிஸ்க்கில் கால் பதிக்காமல் நினைவகத்திலிருந்தே ஓடுகிறது என்று அர்த்தம். டெஸ்க்டாப்பில் அதற்கு நல்ல காரணம் அபூர்வம்.

பாதை பைத்தான் என்றோ பெர்ல் என்றோ வந்தால் வேலை முடியவில்லை. ஓட்டுநர் யார் என்றுதான் தெரிந்தது, வண்டி எது என்று தெரியவில்லை. அப்போது சிஎம்டிலைன் கோப்பைப் பார்க்க வேண்டும்: பிஎஸ்-ஸில் ஆர்க்ஸ் நெடுவரிசை அதையே காட்டும். உபுண்டுவில் எப்போதும் ஓடும் ஒரு பைத்தான் ப்ராசஸ் பலருக்குச் சந்தேகம் தரும். முழு வரியைப் பார்த்தால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்-ஷட்டவுன் என்ற ஸ்கிரிப்ட் இருக்கும். தானியங்கி அப்டேட் நடக்கும்போது கணினியை அணைத்தால் பாதியில் அறுந்துவிடாமல் காக்கிற காவலாள் அது. விட்டுவிடலாம்.

யார் தொடங்கினார்கள் என்பதற்கு என் கணிப்பில் மிகப் பயனுள்ள கட்டளை, பலரும் அறியாதது, ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று அடித்துப் பக்கத்தில் பிஐடி எண்ணைப் போடுவது. சர்வீஸ் பெயர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, எண்ணையும் ஏற்கும். அது எந்த சர்வீஸுக்குள் ஓடுகிறது, எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன பதிவு எழுதியது எல்லாம் ஒரே திரையில் வரும். உங்கள் லாகினுக்குக் கீழ் ஓடுவதற்கு நடுவில் --யூசர் சேர்க்க வேண்டும். பிஎஸ்ட்ரீ -எஸ் -பி போட்டால் வம்சாவளி தெரியும், ஆனால் டெஸ்க்டாப்பில் அது பெரும்பாலும் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி என்று முடிந்துவிடும். பெற்றவர் செத்த பிள்ளைகளை எல்லாம் சிஸ்டம்டி தத்தெடுத்துக்கொள்வதால், அதன் பிள்ளை என்பது மட்டும் நற்சான்று ஆகாது.

இனி, உங்களுடையது அசல் கேஸ்வாப்டி0 என்று முடிவானால் அது ஏன் இப்படி ஓடுகிறது? அதன் வேலை ராம் காலியாகாமல் பார்ப்பது. காலியாக உள்ள நினைவகம் ஒரு கீழ்க்கோட்டைத் தொட்டதும் விழித்து, பயன்படாத நினைவகப் பக்கங்களை ஸ்வாப்புக்கு (ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) அனுப்பி, திரும்ப டிஸ்க்கிலிருந்து படிக்கக்கூடியவற்றை வெறுமனே விட்டுவிட்டு, மேல்கோடு வந்ததும் தூங்கப் போகும். ராம் போதவில்லை என்றால் இது தூங்கவே முடியாது. இப்போது எறிந்த பக்கத்தை அடுத்த நொடியே ப்ரௌசர் கேட்கும், திரும்ப ஏற்ற வேண்டும், அதற்கு இன்னொன்றை எறிய வேண்டும். மவுஸ் விட்டு விட்டு நகர்வது இதனால்தான்: திரையை வரையும் நிரலின் பக்கங்களே எறியப்பட்டு மீண்டும் டிஸ்க்கிலிருந்து வருகின்றன. மைனர் ஓடும்போது வழக்கமாக ஃபேன் கத்தும், மவுஸ் இந்த அளவுக்குத் திணறாது. அசல் பக்கம் சாய்கிறது என்று முதலில் சொன்னதற்கு இதுவும் கில்லுக்கு மசியாததும்தான் காரணம்.

சரிபார்க்க ‘ஃப்ரீ -எச்’ போடுங்கள். ஃப்ரீ என்ற நெடுவரிசையைப் பார்க்காதீர்கள், அவெய்லபிள் என்பதைப் பாருங்கள். 8 ஜிபியில் அது சில நூறு எம்பிக்கு இறங்கியிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அடுத்து ‘விஎம்ஸ்டாட் 1 10’. முதல் வரி பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். மற்ற வரிகளில் எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் தொடர்ந்து ஆயிரக்கணக்கில் ஓடினால் ஸ்வாப்புக்கும் ராமுக்கும் நடுவே இழுபறி நடக்கிறது. ‘/ப்ராக்/பிரஷர்/மெமரி’ கோப்பில் ஃபுல் என்ற வரியின் ஏவிஜி10 எண், கடைசிப் பத்து நொடியில் எத்தனை சதவீத நேரம் எல்லா வேலையும் நினைவகத்துக்காகவே காத்து நின்றது என்று சொல்லும். சாதாரணமாக அது 0 அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஸ்வாப்பை அணைத்துவிடு என்று ஒரு யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ஸ்வாப் இல்லாவிட்டாலும் கேஸ்வாப்டி0 ஓடும். அப்போது எறிவதற்கு நிரல்களின் குறியீட்டுப் பக்கங்கள் மட்டுமே அதற்கு மிஞ்சும், கணினி இன்னும் மோசமாக உறையும். கேஷை அடிக்கடி காலி செய்யும் கிரான் வரியும் அப்படித்தான், நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலைத் துடைப்பது. ராமைத் தின்பது யார் என்று ‘பிஎஸ் ஏயுஎக்ஸ் --சார்ட்=-ஆர்எஸ்எஸ்’ மூலம் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபௌட்:ப்ராசஸஸ் என்று அடித்தால் எந்த டேப் எவ்வளவு என்று தெரியும். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும். அதற்குப் பிறகு இசட்ராம்-டூல்ஸ் பேக்கேஜை நிறுவி, /இடிசி/டிஃபால்ட்/இசட்ராம்ஸ்வாப் கோப்பில் பர்சென்ட்=50 என்று (பர்சென்ட் பெரிய எழுத்தில்) வைத்து அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எறியப்படும் பக்கங்கள் டிஸ்க்குக்குப் போகாமல் ராமிலேயே சுருங்கி உட்காரும். ஃபெடோரா 33 முதல், அதாவது 2020லிருந்து, இது அங்கே இயல்பாகவே வருகிறது. 8 ஜிபியில் நல்ல வித்தியாசம் தெரியும். லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுவதே நிரந்தரத் தீர்வு.

அவெய்லபிள் தாராளமாக இருக்கிறது, எஸ்ஐ எஸ்ஓ 0, ஆனாலும் அசல் கேஸ்வாப்டி0 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் அது தெளிவில்லாத பகுதி. நினைவகம் துண்டு துண்டாகச் சிதறியிருக்கலாம், கெர்னல் பிழையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட பிழைகள் கெர்னலில் வந்தும் திருத்தப்பட்டும் இருக்கின்றன. கெர்னலை அப்டேட் செய்து ரீபூட் செய்து பார்ப்பதுதான் நியாயமான முதல் அடி.

போலி என்று தெரிந்தால் கதை வேறு. இந்தப் பெயரில் அதிகம் அறியப்பட்டது அவுட்லா என்ற கும்பலின் மைனர். அது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் லாகின் செய்யும் வழி) பாஸ்வேர்டை ஊகித்து நுழையும். ஹோம் ஃபோல்டரில் புள்ளி கான்ஃபிக்ஆர்சி என்ற மறைவான ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் ஏ என்ற ஃபோல்டரில் கேஸ்வாப்டி0 என்ற எக்ஸ்எம்ரிக் மைனரை வைக்கும். கிரான்டேபில் வரிகளைச் சேர்க்கும். புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டரில் ஆதரைஸ்டு_கீஸ் கோப்பில் தன் சாவியைப் போட்டுவிடும். உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எச் சர்வர் இயல்பாக நிறுவப்பட்டிருக்காது, ஆகவே நீங்கள் அதை நிறுவி, எளிய பாஸ்வேர்டும் வைத்து, வெளியிலிருந்து எட்டும்படி திறந்துவிட்டிருந்தால்தான் இந்த வழி திறக்கும். எக்ஸ்எம்ரிக் சாதாரணமாக 2 ஜிபிக்கு மேல் நினைவகம் எடுக்கும், ஆனால் ஹ்யூஜ் பேஜஸ் என்ற பெரிய நினைவகப் பக்கங்களைப் பயன்படுத்தினால் அது ஆர்எஸ்எஸ்-இல் தெரியாது, அதனால் குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘சுடோ எஸ்எஸ் -டிஎன்பி’ போட்டு இந்தப் பிஐடியின் பெயரில் வெளியே போகும் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்வாப்டிக்கு வெளியுலகோடு பேச வேலையே இல்லை.

அந்த நிலையில் முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். கில் -ஸ்டாப் கொடுத்து ப்ராசஸை உறைய வையுங்கள், கொல்ல வேண்டாம். ஸ்டாப் பெரிய எழுத்தில். பிறகு ‘சுடோ சிபி /ப்ராக்/பிஐடி/இஎக்ஸ்இ’ என்று அடித்து, கடைசியில் இலக்கு ஃபோல்டரைக் கொடுத்து நகல் எடுங்கள். மூலக்கோப்பை அது அழித்திருந்தாலும் இந்த நகல் கிடைக்கும். கிரான்டேப் -எல், ஹோமில் உள்ள பேஷ்ஆர்சி, ப்ரொஃபைல், ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டர், ஆதரைஸ்டு_கீஸ் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். பிறகு ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுங்கள். உங்கள் யூசருக்கு சுடோ அதிகாரம் இருக்கும்போது, நுழைந்தவர் ரூட் ஆகவில்லை என்று நிரூபிக்க உள்ளிருந்தபடி வழியில்லை. ஃபார்மேட் சரியான முடிவாவது இந்த ஒரு நிலையில்தான்.

மேலே சொன்ன சோதனைகளுக்கும் எல்லை உண்டு. /இடிசி/எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட் என்ற கோப்பு வழியாகப் புகும் ரூட்கிட் (தன்னை ஒளித்துக்கொள்ளும் தீய நிரல்), பிஎஸ்ஸும் எல்எஸ்ஸும் ஒரு ப்ராசஸைப் பார்க்கவே விடாமல் மறைக்க முடியும். உபுண்டுவில் அந்தக் கோப்பு இயல்பாக இருக்காது. இருந்து, நீங்கள் வைத்ததாகவும் இல்லை என்றால் அதுவே கெட்ட அறிகுறி. கெர்னலுக்குள்ளேயே புகுந்துவிட்டால் இந்தக் கணினி சொல்லும் எதையும் நம்ப முடியாது, யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து வெளியிலிருந்துதான் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அதேபோல் ‘டிபிகேஜி -வி’ பேக்கேஜ் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று சொல்லும், வி பெரிய எழுத்து. ஆனால் ஒப்பிடும் பட்டியலும் அதே டிஸ்க்கில் இருப்பதால் ரூட் பிடித்தவர் இரண்டையும் மாற்றியிருக்கலாம்.

இப்போதைக்கு மூன்றே மூன்று வெளியீடுகளை இங்கே ஒட்டுங்கள்: பிஎஸ் வரி, சுடோவோடு போட்ட இஎக்ஸ்இ வரி, கணினி திணறும் நேரத்தில் எடுத்த விஎம்ஸ்டாட். ப்ராக் ஃபோல்டருக்குள் என்விரான் என்ற கோப்பும் கண்ணில் படும், அதை மட்டும் எங்கும் ஒட்டாதீர்கள். பாஸ்வேர்டுகளும் டோக்கன்களும் அதில் அப்படியே கிடக்கும்.